கன்றிய தோலும் கண்ணாடித் தகடும்

எங்கள் அம்மாவின் முழங்கைகளிலும் கெண்டைக்கால்களிலும் தடிப்புகள் தோன்றி ஈராண்டுகள் ஆகின்றன. மருத்துவர் சோரியாசிஸ் என்றார். சித்த மருத்துவத்தில் அதற்குக் காளாஞ்சகப்படை என்று பெயர். அம்மா இவ்விரு பெயர்களில் எதையும் பொருட்படுத்தியதில்லை. யார் கேட்டாலும், "கன்றிப்போய்க் கெடக்கு, அரிக்குது" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

முதலில் நாங்கள் சென்ற இடத்தில் மருத்துவரே தம் கைபேசியால் முழங்கையைப் படமெடுத்துக்கொண்டார். காலை நேரம், சன்னலோர வெளிச்சம். ஆறு வாரம் கழித்து நாங்கள் போனது மாலையில். குழல்விளக்கின் கீழே மற்றொரு படம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, சிவப்பு நன்றாக வடிந்திருக்கிறது, அதே களிம்பைத் தொடரலாம் என்று எழுதிக்கொடுத்தார். இரவெல்லாம் சொறிந்துகொண்டிருந்த அம்மா, ஒன்றும் வடியவில்லை என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். நாங்கள் படத்தைத்தான் நம்பினோம். மேலும் மூன்று மாதங்கள் அதே களிம்பு. தடிப்புகள் முதுகுக்கும் பரவின.

பிறகு வேறோர் ஊரின் பெரிய மருத்துவமனைக்குச் சென்றபோதுதான், தோல் மருத்துவப் பிரிவுக்கென்றே ஒரு புகைப்பட அறை இருக்கக்கூடும் என்பதையும், நோயாளியைப் படமெடுப்பதையே தொழிலாகக் கொண்டோர் உண்டென்பதையும் அறிந்தோம். சுவரில் அடர்நீலத் துணி. இருபுறமும் சாய்கோணத்தில் இரு விளக்குகள். தரையில் பாதம் வைப்பதற்கு ஒட்டுநாடாவால் குறியிட்ட இடம். முப்பது வயது மதிக்கத்தக்க அந்தப் பெண், கேமராவைத் தொடுவதற்கு முன் ஓர் ஒப்புதல் படிவத்தை அம்மாவுக்கு வாய்விட்டுப் படித்துக்காட்டினார். சிகிச்சைக்காக ஒரு கையொப்பம். மாணவர்களுக்குப் பாடம் சொல்ல இன்னொன்று. நூலிலோ இதழிலோ வெளியிடுவதற்கு மூன்றாவது. மூன்றும் தனித்தனி. அம்மா முதல் இரண்டில் மட்டும் கையெழுத்திட்டார்.

வளையல்களைக் கழற்றச் சொன்னார். களிம்பின் பளபளப்பைத் துடைத்தெடுத்தார். உடலில் தடிப்புகள் எங்கெங்கே பரவியிருக்கின்றன என்பதைக் காட்ட ஒரு தொலைப்படம். ஓர் உறுப்பு முழுவதும் தெரிய ஓர் இடைப்படம். பக்கத்தில் சிறு அளவுகோல் வைத்து ஓர் அண்மைப்படம். விளக்கிலும் வில்லையிலும் ஒளியைத் திசைப்படுத்தும் வடிகட்டிகளைக் குறுக்காக மாட்டினால் தோலின் மேற்பரப்பு மினுமினுப்பு அகன்று அடியிலுள்ள நிறம் தெரியும். இணையாக மாட்டினால் செதில்களும் சுருக்கங்களும் எழுந்து நிற்கும். இரண்டையும் எடுத்தார். எங்கள் கைபேசியிலிருந்த பழைய படங்களைக் காட்டியபோது ஒரு கணம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டும் வேற வேற வெளிச்சம் சார். இத வச்சு கூடுச்சு, கொறஞ்சுச்சுன்னு எதுவும் சொல்ல முடியாது."

ஏடு பெயர்த்தெழுதுவோரை நம் துறையினர் நன்கறிவோம். எழுதுபவன் புலவனாக இருந்துவிட்டால் ஆபத்து. தனக்குத் தோன்றிய நல்ல சொல்லை மூலத்தில் செருகிவிடுவான். அந்தப் புகைப்பட அறையில் நாம் கண்டது, தன் கையெழுத்து எங்கும் விழாமல் ஏடு பெயர்க்கும் ஒருவரின் கட்டுப்பாட்டை. அதே தொலைவு, அதே கோணம், அதே ஒளி. படத்துக்குப் படம் மாற அனுமதிக்கப்பட்டது தோல் ஒன்றுதான். இப்படியொரு தொழில் எப்படி உருவாயிற்று என்று தேடிப் படிக்கத் தொடங்கினோம். தேடல் நம்மைப் பாரிஸ் நகரின் ஒரு பழைய மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

நான்காம் ஹென்றி மன்னன் 1607-ல் கொள்ளைநோயாளிகளை நகருக்கு வெளியே ஒதுக்கிவைப்பதற்காக நிறுவியது சேன் லூயி மருத்துவமனை. 1801-ல் அது நாட்பட்ட தோல் நோய்களுக்கென ஒதுக்கப்பட்டது. அங்கே பணியாற்றிய அலிபேர், தோல் நோய்களை மரம்போல் கிளைபிரித்து வகைப்படுத்தியவர். 1806 முதல் வண்ணச் செதுக்குப் படங்களுடன் பெருநூலொன்றை வெளியிட்டவர். அவருக்குச் சற்று முன்பே லண்டனில் ராபர்ட் வில்லன், 1798-ல் தொடங்கிய தம் நூலில், புள்ளி, பரு, கொப்புளம், செதில் என்று தோல் நோயின் அடிப்படை வடிவங்களைப் பிரித்துப் பெயரிட்டிருந்தார். அவர் நூலிலும் வண்ணப்படங்கள் இருந்தன. தோல் மருத்துவம் தொடக்கம் முதலே படம் வேண்டிய மருத்துவம். இதயநோயைக் காதால் கேட்டறியலாம். தோல் நோயைக் கண்ணால்தான் அறிய வேண்டும். ஒருவர் கண்டதை இன்னொருவர் காணச் செய்வதற்குச் சொல் போதாது.

1839-ல் தாகேரின் முறை அறிவிக்கப்பட்டதும் மருத்துவர்கள் புகைப்படத்தை ஆவலோடு நோக்கியதில் வியப்பில்லை. ஆனால் வெள்ளித் தகட்டில் ஒரே ஒரு படம்தான் கிடைக்கும். படி எடுக்க இயலாது. 1851-ல் ஆர்ச்சர் என்பவர் ஈரக் கொலோடியன் முறையை வெளியிட்ட பிறகே கண்ணாடித் தகட்டிலிருந்து வேண்டிய அளவு தாள்படிகள் எடுப்பது கைகூடியது. தகட்டில் மருந்து பூசி, அது உலர்வதற்குள் படமெடுத்து, அப்போதே இருட்டறையில் கழுவியாக வேண்டும். நோயாளி பல நொடிகள் அசையாமல் இருக்க வேண்டும். அரிப்போடு வந்தவரை அசையாதே என்பது எவ்வளவு கொடியது என்பதை அம்மாவோடு உடன் சென்றவர்கள் அறிவோம்.

லண்டனில் பால்மானோ ஸ்குவயர் 1864-ல் தொடங்கித் தோல் நோய்ப் புகைப்படத் தொகுப்பொன்றைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். பாரிஸில், சேன் லூயி மருத்துவமனையிலேயே, ஹார்டி என்ற மூத்த மருத்துவரும் மோன்மேஜா என்ற இளைய மருத்துவரும் சேர்ந்து 1868-ல் அம்மருத்துவமனையின் பெயரிலேயே புகைப்பட நூல் ஒன்றைக் கொணர்ந்தனர். படமெடுத்தவர் மோன்மேஜா. மருத்துவமனை வளாகத்துக்குள் ஒரு புகைப்படக்கூடம் உருவாக அவரே காரணர். அடுத்த ஆண்டே பூர்நெவீலுடன் இணைந்து பாரிஸ் மருத்துவமனைகளுக்கென ஒரு புகைப்பட இதழையும் அவர் தொடங்கினார். நியூயார்க்கில் ஜார்ஜ் ஹென்றி ஃபாக்ஸ் 1880-ல் வெளியிட்ட தொகுப்புக்குப் படமெடுத்தவர் ஓ. ஜி. மேசன், அவர் மருத்துவர் அல்லர், பெல்வியூ மருத்துவமனையின் புகைப்படக்காரர். நமது நீலத்துணி அறைப் பெண்ணின் தொழில் முன்னோர் ஒருவரைச் சுட்ட வேண்டுமானால் மோன்மேஜாவை விட மேசனைச் சுட்டுவதே பொருந்தும்.

இம்மூன்று நூல்களையும் பற்றி வாசித்தபோது ஒரு செய்தி உறுத்தியது. மூன்றிலும் படங்களுக்குக் கையால் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். ஸ்குவயர் தம் நூலின் தலைப்பிலேயே, உயிருள்ள உடலைப் பார்த்து வண்ணமிடப்பட்டவை என்று பறைசாற்றிக்கொள்கிறார். புகைப்படம் பொய் சொல்லாது என்று ஊரெல்லாம் நம்பிய காலம் அது. அந்த நம்பிக்கையின் பேரில்தான் செதுக்குப்படத்தைக் கைவிட்டுக் கேமராவுக்கு வந்தார்கள். வந்த பிறகு, நோயறிய மிகவும் வேண்டிய ஒன்றை, அதாவது நிறத்தை, மீண்டும் தூரிகைக்காரர் கையில் ஒப்படைத்தார்கள்.

நிறமில்லை என்பதுகூடப் பெரிய குறையில்லை. கொலோடியன் தகட்டுக்கு நீலமும் ஊதாவும் கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாவும் மட்டுமே தெரியும். நீல வானம் அதில் வெள்ளைத் தாளாகும், செம்பட்டு கரும்பட்டாகும். வெள்ளையரின் தோலில் மெல்லச் சிவந்த இடம் படத்தில் கருந்திட்டாக விழும். கண்ணுக்குத் தெரியாத மங்கிய புள்ளிகளும் அதில் துலங்கும். பெர்லினில் ஒளிப்பட வேதியியலாளர் ஹெர்மன் ஃபோகல் தம் நூலில் ஒரு நிகழ்ச்சியைப் பதிவுசெய்திருக்கிறார். ஒரு பெண்மணியைப் படமெடுத்தபோது, நேரில் தெளிவாக இருந்த முகம் தகட்டில் புள்ளி புள்ளியாக விழுந்ததாம். மறுநாள் அவருக்குப் பெரியம்மை கண்டதாம். தகடு மனிதக் கண்ணைவிடக் கூர்மையானது என்பதற்கு எடுத்துக்காட்டாக இதனைப் பலரும் கூறுவர். நாம் இதனை வேறு விதமாகவும் வாசிக்கலாம் என்று தோன்றுகிறது. தகடு கண்டது வேறொரு முகம். அது கண்டதும் கண் கண்டதும் ஒன்றாக இருந்ததே இல்லை.

இதே ஃபோகல்தான் 1873-ல், தகட்டில் சில சாயங்களைச் சேர்த்தால் அதற்குப் பச்சையும் மஞ்சளும் புலப்படும் என்று கண்டறிந்தார். சிவப்பையும் உணரும் தகடுகள் கடைக்கு வர இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது.

புகைப்படம் இவ்வாறு நிறத்துக்குத் தடுமாறிக்கொண்டிருந்த காலத்தில் சேன் லூயியில் வேறொரு கலை தழைத்தது. பாரிஸின் ஓர் அங்காடி வழியில், காகிதக் கூழால் பழங்கள் செய்து விற்றுவந்தவர் ஜூல் பாரெத்தா. அவர் செய்த பழங்களின் நிறமும் தோலும் மெய்யானவை போலிருப்பதைக் கண்ட மருத்துவர் லாயே அவரை மருத்துவமனைக்கு அழைத்துவந்தார். நோயாளியின் உடலிலேயே சாந்து வார்ப்பு எடுத்து, அதில் மெழுகு ஊற்றி, நோயாளியைப் பார்த்துப் பார்த்து வண்ணம் சேர்த்தார் பாரெத்தா. முதல் மெழுகுரு 1867-ல் உருவாயிற்று. 1889-ல் பாரிஸில் முதல் அனைத்துலகத் தோலியல் மாநாடு கூடியபோது இவற்றுக்கென ஓர் அருங்காட்சியகமே திறக்கப்பட்டது. இன்று அங்கே ஏறத்தாழ 4800 மெழுகுருக்கள் கண்ணாடிப் பேழைகளில் இருக்கின்றன. கேமரா வந்து ஐம்பதாண்டுகள் கழிந்த பின்னும் மருத்துவ மாணவர்கள் தோல் நோயைக் கற்கப் பழம் செய்தவரின் கையை நாடினார்கள் என்பது நமக்கு மிகவும் பிடித்த செய்தி.

ஆனால் மெழுகுருவுக்கும் ஒரு குறை உண்டு. அது ஒரு நாளின் நோய். ஆறு வாரம் கழித்து அதே கை எப்படியிருந்தது என்பதை அதனிடம் கேட்க முடியாது. நோய் வளர்வதையும் தேய்வதையும் தொடர்ந்து காட்ட வல்லது கேமராதான். அதற்குத் தேவைப்பட்டது ஒழுங்கு. அந்த ஒழுங்கு மெல்லத்தான் வந்தது. அமெரிக்காவில் 1931-லும் பிரிட்டனில் 1968-லும் இத்தொழிலினர் தமக்கெனச் சங்கங்கள் அமைத்துக்கொண்டனர். முகத்துக்கு இந்த அளவு, கைக்கு இந்த அளவு, முழு உடலுக்கு இந்த அளவு என்று உருப்பெருக்க விகிதங்களை வரையறுத்தனர். லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் மருத்துவக் கல்லூரியின் பெயரால் அத்தகைய அளவைமுறை ஒன்று வழங்குகிறது. இத்தகைய பட்டியலை ஏற்படுத்தியவர்களை எந்த வரலாற்று நூலும் கொண்டாடுவதில்லை. அம்மாவின் மூன்று மாதங்கள் வீணானது, இந்தப் பட்டியல் ஒரு மருத்துவரின் மேசைக்கு வந்து சேராததால்தான்.

நிறம் 1935-ல் வந்தது. கோடாக்குரோம் சுருள் அவ்வாண்டு விற்பனைக்கு வந்த பின், தோலியல் வகுப்பறைகள் வண்ணச் சில்லுப்படங்களால் நிரம்பின. 2009-ல் கோடாக்குரோம் உற்பத்தியே நின்றுவிட்டது. ஆயினும் படத்தைக் கண்டு நோயைச் சொல்லும் பயிற்சியை அமெரிக்கத் தோலியல் மாணவர்கள் இன்றும் அப்பெயரால் குறிப்பிடுகிறார்கள். தூரிகைக்காரர் விடைபெற்றார், இனி நிறம் நிறமாகவே பதியும் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

யாருடைய நிறம் என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. கோடாக் நிறுவனம் அச்சுக்கூடங்களில் நிறத்தைச் சரிபார்ப்பதற்காக ஒரு மாதிரி அட்டை அனுப்பிவந்தது. அதில் ஒரு வெள்ளைப் பெண்ணின் படம். ஷெர்லி அட்டை என்று அதற்குப் பெயர். அவள் தோல் சரியாக வந்தால் படம் சரி. கனடிய ஆய்வாளர் லோர்னா ராத் 2009-ல் வெளியிட்ட கட்டுரையில் இதன் வரலாற்றை விரிவாக எழுதியிருக்கிறார். கரும்பழுப்பு நிறங்களைப் பிரித்துக் காட்டும் வகையில் சுருளைத் திருத்தும்படி நெருக்கியவர்களில் சாக்லேட் நிறுவனத்தாரும் மரச்சாமான் விற்போரும் இருந்தனர் என்ற செய்தி அதில் வருகிறது. மனிதர்கள் முறையிட்டுப் பெறாததைத் தேக்குமரம் பெற்றுத் தந்திருக்கிறது! திரைப்பட இயக்குநர் கோதார், 1977-ல் மொசாம்பிக் நாட்டுக்காகப் பணியாற்ற அழைக்கப்பட்டபோது, கோடாக் சுருளைப் பயன்படுத்த மறுத்ததும் இதன் பொருட்டே.

பழைய கொலோடியன் தகட்டை இங்கே மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டும். தோலுக்குக் கருமை தரும் மெலனின், நீல ஒளியையும் புற ஊதாவையும் மிகுதியாக விழுங்கும். அவற்றை மட்டுமே அறிந்த தகட்டின் முன் கரிய தோலுடையவர் அமர்ந்தால் தோல் முழுவதும் இருண்டுபோகும்; அதன் மேல் சிவந்த இடமும் இருளாகவே விழும். வெள்ளைத் தோலில் நோயை மிகைப்படுத்திய அதே தகடு, கரிய தோலில் நோயை மறைத்துவிடும். சுருள் மாறியது, வில்லை மாறியது, பின்னர்ச் சுருளே இல்லாமலும் போயிற்று. ஆயினும் நூல்களில் சேர்ந்த படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலின் படங்களாகவே இருந்தன. 2017-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1,29,450 படங்களைக் கொண்டு கணினிக்குத் தோல் புற்றைக் கண்டறியக் கற்பித்ததாக 'நேச்சர்' இதழில் அறிவித்தபோது உலகம் வியந்தது. அடுத்த ஆண்டே ஆடம்சன், ஸ்மித் என்னும் இருவர், வெள்ளைத் தோலையே பார்த்துப் பழகும் இத்தகைய கணினிகள் கரிய தோலில் தவறு செய்யும் என்று எச்சரித்து எழுதினார்கள். 2020-ல் லண்டனில் மலோன் முக்வெண்டே என்ற மருத்துவ மாணவர், கரிய தோலில் நோய்க்குறிகள் எப்படித் தோன்றும் என்பதற்குப் படங்களோடு ஒரு கையேட்டை, தம் ஆசிரியர் இருவருடன் சேர்ந்து வெளியிட்டார். படிக்கும் மாணவர், பாடநூலில் தம் தோலைக் காணாததால் தாமே ஒரு பாடநூல் எழுத நேர்ந்திருக்கிறது.

பாடநூல்கள் சிவப்பு என்று சொல்லும் இடத்தில் நம் போன்றோர் தோலில் சிவப்பு தெரிவதில்லை. ஊதா கலந்த ஒரு மங்கல், சாம்பல் பூத்த கருமை, சில வேளை சுற்றியுள்ளதைவிடச் சற்றே அடர்ந்த பழுப்பு. முதல் மருத்துவர் தேடியது சிவப்பை. குழல்விளக்கில் அது காணாமற்போனதும் நோய் தணிந்துவிட்டதென்று கொண்டார். அம்மாவோ தொடக்கத்திலிருந்தே வேறொரு சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தார். வெயிலில் நடந்துவந்த குழந்தையின் முகம் கன்றியிருக்கிறது என்கிறோம். சுமை தூக்கிய தோள் கன்றிப்போயிற்று என்கிறோம். அச்சொல்லுக்குள் சிவப்பும் உண்டு, கருமையும் உண்டு, சூடும் உண்டு, சிறிது வலியும் உண்டு. பழுப்புத் தோலில் அழற்சி எப்படித் தோன்றுமோ அப்படியே அதைச் சொல்லும் சொல் அது. மருத்துவர் நிரப்பிய தாளில் அதற்கு இடமில்லை.

இருபதாண்டுகளாகச் சங்க இலக்கியம் கற்பித்துவருகிறோம். மாமை என்றால் தலைவியின் மாந்தளிர் போன்ற மேனி நிறம். பிரிவில் அது கெட்டுப் படர்வது பசலை. பசலைக்குப் பீர்க்கம்பூவின் மஞ்சளை உவமை சொல்வர் என்று தேர்வுக்கு வேண்டிய குறிப்பாகவே வகுப்பில் சொல்லிக் கடந்திருக்கிறோம். கருமை சார்ந்த ஒரு தோலில் நிறம் எவ்வாறு மாறுகிறது, எந்த மாற்றம் எந்தத் துயருக்குரியது என்று கூர்ந்து கண்டவர்களின் சொற்கள் இவை என்பது இந்த வயதில்தான் உறைத்தது. அப்புலவர்கள் மருத்துவர்களல்லர் என்பதும் பசலை ஒரு தோல் நோயன்று என்பதும் நாமறிந்ததே. அவர்கள் பார்த்த தோல் நம் தோல் என்பதைத்தான் சொல்ல வருகிறோம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. அந்தப் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொகுப்புகளில் நோயாளிகள் முழு முகத்தோடு நம்மைப் பார்க்கிறார்கள். பெரும்பாலோர் பொது மருத்துவமனைக்கு வந்த ஏழைகள். நூலின் முகப்பில் மருத்துவர்களின் பெயர்கள் உண்டு. இவர்களுக்கோ நோயின் பெயர் மட்டுமே. அவர்கள் எதற்காவது கையெழுத்திட்டார்களா என்று யாரும் கேட்டிருக்க வழியில்லை. பின்னாளில் கண்களின் மேல் ஒரு கருங்கோடு இழுக்கும் வழக்கம் வந்தது. அக்கோடு யாரையும் மறைப்பதில்லை என்று மருத்துவ இதழாசிரியர்களின் அனைத்துலகக் குழு தன் நெறிமுறையில் கூறியிருக்கிறது. ஊரில் நம்மை அறிந்தவர்கள் மோவாயைப் பார்த்தே நாம் யாரென்று சொல்லிவிடுவார்கள். அம்மா மூன்றாவது கையொப்பத்தை மறுத்தபோது அந்தப் பெண் காரணம் கேட்கவில்லை. படிவத்தில் அவ்விடத்தை அடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார்.

படமெடுத்து முடிந்ததும் அம்மா திரையைப் பார்க்க விரும்பினார். பார்த்துவிட்டு, "ஏம்மா, என் கை இவ்வளவு கருப்பாவா இருக்கு?" என்றார். எங்கள் தெருவிலுள்ள புகைப்பட நிலையத்தார் அம்மாவின் அறுபதாம் கல்யாணப் படத்தில் அவரைப் பாதி வெளுக்கவைத்துத்தான் கொடுத்திருக்கிறார். அந்தப் பெண் சிரிக்காமல், ஒரு சிறு சாம்பல்நிற அட்டையை எடுத்து அம்மாவின் கையருகில் பிடித்து, அதே அட்டை திரையில் எப்படித் தெரிகிறதென்று காட்டினார். இரண்டும் ஒன்றுபோலிருந்தன. "அட்டை சரியா வந்தா கையும் சரியா வந்திருக்கும்மா." அம்மா அட்டையையும் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தடிப்பின் ஓரத்தைச் சுட்டி, "இதத்தான் நான் கன்றியிருக்குன்னேன்" என்றார். அந்தப் பெண் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று நாங்கள் கேட்கவில்லை.

படங்கள் அம்மாவின் பெயரில்லாமல் ஓர் எண்ணின் கீழ்ச் சேமிக்கப்பட்டன. மருந்து மாறியிருக்கிறது. அடுத்த படம் ஆடி மாதக் கடைசியில்; காலையில் களிம்பு பூசாமல், வளையல் போடாமல் வரச் சொல்லியிருக்கிறார்.